பொழுது சாய்ந்த பின் ஓட்டெடுப்பு

திரிசலா சாப்பாட்டுப் பையோடு கூட்டத்துக்கு வந்தது வேலாயுதத்துக்குப் பிடிக்கவில்லை. முகமே சொன்னது.

“என்னம்மா, மீட்டிங்குக்கு வந்தியா, பிக்னிக்கு வந்தியா?”

“ரெண்டுக்கும்தான் அண்ணா. இன்னிக்கி நாங்க நடுவுல எழுந்து போறதா இல்ல.”

காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்தில் இருந்தது உழைப்பாளர் பேரவையின் கூடம். நெசவாளிகள், விவசாயிகள், தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் பொதுவான அமைப்பு. பட்டு நெய்யும் வேலாயுதம் அதன் செயலாளர். திரிசலாவும் கணவன் சக்கரவர்த்தியும் முசரவாக்கத்தில் நெல் பயிரிடுகிறவர்கள். அந்த வயலைத்தான் தொழிற்பேட்டை கேட்டது. பேரவை போட்டிருந்த போராட்டப் பந்தல் ஒன்றுதான் அளக்க வந்தவர்களை வரப்பில் ஏறவிடாமல் தடுத்திருந்தது.

இன்று அந்தப் பந்தலைப் பிரிக்க ஒரு தீர்மானம். நேராக அப்படி எழுதவில்லை. “வேகமாக வளரும் நம் மாநிலம் சமதர்மத்தை நோக்கியே செல்கிறது, ஆகவே தொழிற்பேட்டை விரிவாக்கத்தை ஆதரிப்போம்” என்று கரும்பலகையில் இருந்தது.

தீர்மானத்தைவிடக் கூட்ட நேரத்தின் மேல்தான் திரிசலாவுக்குச் சந்தேகம். அவளும் கணவனும் சமணர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். முன்பெல்லாம் மதியம் நடந்த கூட்டம் சில மாதங்களாக மாலைக்கு மாறியிருந்தது. இவர்கள் சாப்பிட ஊருக்குக் கிளம்பிய பிறகு ஓட்டெடுப்பு நடக்கும். மறுநாள் ‘ஏகமனதாக’ என்று தகவல் வரும்.

“தற்செயலா இருக்கும்” என்றான் சக்கரவர்த்தி.

“ஒருவாட்டின்னா தற்செயல். ஒவ்வொரு வாட்டியுமா?”

வேலாயுதம் தொடங்கினார். “பொம்பளைங்களுக்கு பஸ்சு ஃப்ரீ. பசங்களுக்கு ஸ்கூல்ல காலைச் சோறு. எங்க தெருவுல எத்தினி பொண்ணுங்க சம்பாதிக்குதுங்க பாரு. மொதல்ல செல்வம் வளரணும்மா, பொறவுதான் பங்கு வைக்க முடியும். அத நோக்கித்தான் போயிக்கினு இருக்கிறோம்.”

“பஸ்சு ஃப்ரீதான். அதுல ஏறி எங்க போறது? நம்ம நெலம் இருந்த எடத்துக்கே போயி, கம்பெனி கேட்டாண்ட நின்னு வேல கேக்கவா?”

கூடம் சிரித்தது.

“நீ ஒன் வயலப் பத்தியே பேசற. நான் மாநிலத்தப் பத்திப் பேசறேன்.”

“என் வயலு வேற நாட்டுலயா இருக்குது? சோசலிசம்னா மொதலாளிகிட்ட இருக்கிறது பொதுவுக்கு வரும்னுதான் நீங்க கிளாஸ் எடுத்தீங்க. இங்க எங்ககிட்ட இருக்கிறது மொதலாளிகிட்ட இல்ல போவுது!”

“நாடு ஒரு பொடவை மாதிரிம்மா. தொழிலு உடலு, விவசாயம் கரை. கோர்வை போட்டாத்தான்...”

புடவையின் உடலையும் கரையையும் நூல் ஓட்டும் தனித்தனி நாடாக்களால் நெய்து கோப்பதுதான் கோர்வை. தறியின் இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். திரிசலா அதைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பக்கத்து ஆளு சாப்பிடப் போன நேரமாப் பாத்து நெய்ஞ்சு முடிச்சிட்டா, அது என்னா கோர்வை அண்ணா?”

சிரிப்பு நின்றது. வேலாயுதம் வாசலைப் பார்த்தார்.

வெயில் இருக்கும்போதே கணவனும் மனைவியும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தயிர்சாதம் கொஞ்சம் மீந்தது. வேலாயுதம் திரும்பத் திரும்ப வாசலையே பார்ப்பதைத் திரிசலா கவனித்தாள். ஓட்டெடுப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வெளியே இருட்டியது.

அப்போது கம்பெனிச் சீருடையில் பெண்கள் கும்பலாக உள்ளே வந்தார்கள். முன்னால் வேலாயுதத்தின் மகள் கீர்த்தி.

“இவங்களுக்காகத்தாம்மா நேரத்த மாத்தினேன்” என்றார் வேலாயுதம். “ஷிப்டு பஸ்சு இப்பதான் வருது. ஒங்க சாப்பாட்டு நேரம் சத்தியமா எனக்குத் தோணவே இல்ல.”

திரிசலாவுக்கு ஒரு கணம் கூச்சமாக இருந்தது. அடுத்த கணமே கணவன் காதில், “கை தூக்க ஆளு கொண்டாந்துட்டாரு” என்றாள்.

கீர்த்தி பலகையைப் படித்தாள். “இன்னாப்பா இது? கம்பெனிப் பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல் கட்டுற விஷயம் பேசணும்னுதான வரச் சொன்ன?”

“இது முடிஞ்சா அதுவும் வரும்மா. ஒனக்கு வேல குடுத்ததே இந்த வளர்ச்சிதான?”

“குடுத்துச்சு, இல்லங்கல. ஆனா சங்கம்னு வாயத் தொறந்த பொண்ண மறுநாளு பஸ்சுலயே ஏத்தலப்பா. அதுவும் சமதர்மமா? புதுசா இன்னொரு கம்பெனி வந்தா எங்க வேலையவே கான்ட்ராக்ட்ல கொறஞ்ச கூலிக்கு விடுவாங்க. நான் கை தூக்க மாட்டேன்.”

நெசவாளிகள் பலர் தீர்மானத்துக்குக் கை தூக்கினார்கள். விவசாயிகளோடு கீர்த்தியும் அவள் கூட வந்த பெண்களும் எதிர்த்துத் தூக்கிய கைகள் அதைவிட அதிகம். வேலாயுதம் தோள் துண்டால் தானே பலகையைத் துடைத்தார். “பந்தல் இருக்கட்டும்” என்றார், யாரையும் பார்க்காமல்.

வாசலில் திரிசலா கீர்த்தியின் கையைப் பிடித்தாள். “ரொம்ப நன்றிம்மா.”

“ஒங்களுக்காகத் தூக்கலக்கா.” கீர்த்தியின் பார்வை பையில் இருந்தது. “அதுல சாப்பிட ஏதாச்சும் இருக்குதா? மதியம் சாப்பிட்டது.”

திரிசலா பாத்திரத்தைத் திறந்து கொடுத்தாள்.

“நீங்க?”

“பொழுது சாஞ்சிடுச்சு. நீ சாப்பிடு.”

இரண்டு வாய் தின்றபின் கீர்த்தி நிமிர்ந்தாள். “ஒங்க வயலு ரோட்டோரமாத்தான இருக்குது? ஹாஸ்டலுக்கு ஒரு ஓரமா எடம் கேட்டா, குடுப்பீங்களாக்கா?”

திரிசலா, பாத்திரம் எப்போது காலியாகும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.