குளிர்கிடங்குக்குள் வயரக்கா

குளிர்கிடங்கின் கதவு தானாகச் சாத்திக்கொண்டபோது, ஊருக்கெல்லாம் இணைய வயர் இழுத்துக் கொடுத்தே அந்தப் பேர் வாங்கிய வயரக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து தள்ளித் திறக்க ஒரு குமிழ் இருக்கிறதே என்ற தைரியம். வைஃபை கருவியை நேற்றே சுவரின் உச்சியில் மாட்டியாயிற்று. அதிலிருந்து தொங்கும் வயரில் மடிக்கணினியைச் சொருகி, அமைத்துவிட்டால் பத்து நிமிட வேலை.

விரல் மரத்ததும், சற்று வெளியே போய்வரலாமென்று குமிழைத் தள்ளினாள். அசையவில்லை. அதைச் சுற்றிலும் பனி கல்லாக இறுகியிருந்தது. தோளால் இடித்தாள், கையால் தட்டினாள், கத்தினாள். குளிரூட்டியின் இரைச்சல் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட்டது. கிடங்குக்காரர் சாப்பிடப் போயிருந்தார். போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. நாலு பக்கமும் தகரச் சுவர்.

உறைந்த மீன் பெட்டிகளுக்கு நடுவே, இருக்கும் ஒரே வழி அந்தக் கருவிதான் என்று புரிந்தது.

மண்டியிட்டாள். மடிக்கணினிக்கு நேற்று வேறொரு வேலைக்குக் கொடுத்த ஐபி எண்தான் இன்னும் இருந்தது. கருவியின் எண் வரிசையிலேயே இதற்கும் ஓர் எண் கொடுத்தால்தான் இரண்டும் பேசிக்கொள்ளும். அடித்தாள். கருவியை அமைக்கும் பக்கம் திறக்கவில்லை. மறுபடியும் இல்லை. மடிக்கணினியின் பேட்டரி பதினொரு சதவீதம்.

"கடவுளே, கண்ணைத் தொறடா," என்று முனகினாள்.

உற்றுப் பார்த்தாள். கடைசியில் பத்து என்று அடிக்க நினைத்தவள், மரத்த விரலால் ஒன்றை மட்டும் அடித்திருந்தாள். அது கருவியின் சொந்த எண். மூக்கால் பூஜ்யத்தை அழுத்தினாள். பக்கம் திறந்தது. பெயர், கடவுச்சொல், சேமி. உடனே கருவியின் விளக்கு அணைந்தது. அணைந்தே கிடந்தது. அந்த ஒரு நிமிடத்தில் பள்ளியில் இருக்கும் மகளின் முகம் நூறு தடவை வந்துபோனது.

பச்சை விளக்கு எரிந்தது. போன் வைஃபையைப் பிடித்துக்கொண்டது. கிடங்கின் முன்பக்க அலுவலகத்தில் வேலை பார்க்கும் கொழுந்தனை அதன் வழியே அழைத்தாள்.

"அண்ணி! வைஃபை வந்துருச்சா? சொன்னேன்ல, நீங்க புலின்னு!"

"கதவு... தொறக்க மாட்டேங்குது... ஓடி வாப்பா..."

குளிரில் போன் உயிரை விட்டது. அவன் காதில் விழுந்ததா? தெரியாது. தோளைக் கட்டிக்கொண்டு ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். நூற்றுநாற்பதில் கதவு அதிர்ந்து திறந்தது. கையில் கடப்பாரை, முகத்தில் ரத்தமில்லை அவனுக்கு.

"ஏன் அண்ணி தட்டவே இல்ல?"

"தட்டாம? கை வீங்கிப் போற அளவுக்குத் தட்டினேன்டா." பல் தந்தியடித்தது.

வெயிலில் நின்றபோதும் உதறல் அடங்கவில்லை. மடிக்கணினி உள்ளேயே இருந்தது. "நீயே போய் எடுத்துட்டு வா," என்றாள். அவன் போய்த் திரும்பும் வரை, அந்தக் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.