சன்னலோர வாக்கியம்

2024 ஜூலை 8, திங்கட்கிழமை. குமாரபாளையத்தில் விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவே உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில், ஒடிசாவிலிருந்து வந்த எட்டு வயது லிப்சா ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப்பட்டாள்.

வயதுப்படி அவள் மூன்றாம் வகுப்பு. தமிழ் வராததால் ஒன்றாம் வகுப்பு. அங்கே எல்லாரும் அவளை அக்கா என்று கூப்பிட்டு மூக்கைத் துடைத்துவிடச் சொன்னார்கள். லிப்சாவுக்கு எப்படியாவது அங்கிருந்து தப்பிக்க வேண்டும். "தமிழ் பேசிக் காட்டு, மூணாவதுக்கு மாத்தறேன்" என்றிருந்தார் தலைமை ஆசிரியை மைதிலி. தீபாவளி விடுமுறை முடிந்ததும் சோதனை.

மூன்றாம் வகுப்பில் ஒரே ஒரு இடம்தான் காலி. சன்னலோரப் பெஞ்சில், கௌசிக்குக்குப் பக்கத்தில். அதில் அவனுடைய பை உட்கார்ந்திருந்தது. அதை எழுப்ப அவனுக்கு மனமில்லை.

வலியப் போய் உதவினான்.

"பெரிய டீச்சருக்கு வெறும் வணக்கம் பத்தாது. 'வணக்கம் லூசுங்க'ன்னு சொல்லோணும். 'ங்க'வை உட்றாத, அதுதான் மரியாதை."

லிப்சா தலையாட்டினாள். புதுச் சொல் எதையும் பள்ளிக்குக் கொண்டுபோகும் முன் வெளியே ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். அன்று மாலை டீக்கடைக் கண்ணுசாமி அகப்பட்டார்.

"வணக்கம் லூசுங்க!"

தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. கடையே திரும்பிப் பார்த்தது. கண்ணுசாமி டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"ஏஞ்சாமி, இதை ஆரு சொல்லிக் குடுத்தது?"

"கௌசிக்குங்க."

"அப்ப அது அவம் பேராத்தான் இருக்கோணும்." காதோரம் விரலைச் சுழற்றிக் காட்டினார். "லூசுன்னா கிறுக்கு. புரியுதா?"

புரிந்தது.

சோதனை நாளில் மைதிலி அவளை மூன்றாம் வகுப்பின் முன்னால் நிறுத்தினார். கௌசிக் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தான்.

"வணக்கங்க டீச்சர்" என்றாள் லிப்சா.

கௌசிக்கின் கைகள் இறங்கிப் பக்கத்திலிருந்த பையைக் கட்டிக்கொண்டன.

பாடத்தைப் படித்தாள். இரண்டு இடத்தில் தடுக்கியது. மைதிலிக்குத் திருப்தியில்லை.

"இதை மனப்பாடம் பண்ணிருப்ப. சொந்தமா ஒரு வாக்கியம் சொல்லு பாக்கலாம். சன்னல்ங்கிற வார்த்தை வரோணும்."

லிப்சா சன்னல் பக்கம் பார்த்தாள்.

"சன்னலோரம் ஒரு லூசு பையைக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருக்குதுங்க!"

ஐந்தாம் வகுப்பு வரை கேட்டது. அங்கேயும் சிரித்தார்கள்.

கௌசிக் எழுந்துவிட்டான். "டீச்சர், தப்புங்க!"

மைதிலி உதட்டைக் கடித்துக்கொண்டார். "எழுவாய் இருக்குது, பயனிலை இருக்குது. எங்க தப்பு?"

"அது லூசு இல்லீங்க. நானுங்க."

மறுநாள் லிப்சா மூன்றாம் வகுப்புக்கு மாற்றப்பட்டாள். சன்னலோர இடம் அவளுக்குக் கிடைத்தது. கௌசிக் நகர்ந்து உட்கார்ந்தான். பை பெஞ்சுக்கு அடியில் வைக்கப்பட்டது.