நின்றால் குளிரும் வண்டி

பிளம்பரின் பழைய பிக்கப் வண்டியில் ஹீட்டர் ஒரேயடியாகக் கெட்டுப்போயிருந்தால் தொல்லையில்லை. போனது போனதுதான் என்று கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஓட்டியிருப்பார். அது கெடவும் இல்லை, சரியாகவும் இல்லை. வண்டி ஓடும்போது காரியம் ஆக வேண்டியவன் பேச்சுப் போல இதமாக ஊதும். சிக்னலில் நின்றால் போதும், காரியம் முடிந்தவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு ஐஸ் காற்றாக அடிக்கும்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. விடியும் முன்னே கிளம்ப வேண்டும். தினமும் அவர்தான் கொண்டுபோய் விடுவார். வீட்டில் இருவரும் பேசிக்கொள்ள வழியே இல்லை. வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர், ஓயாத டிவி, போதாததற்கு மாடியில் அவளுடைய அண்ணன். பேச்செல்லாம் வண்டியில்தான். சலவைக்கூடத்தில் யாருக்கு யாரோடு ஆகவில்லை, டாக்டர் கோட்டுப் பையில் பாதி தின்ற பிஸ்கட் கிடைத்தது என்று அவள் சொல்லிக்கொண்டே வருவாள். அவர் "அப்புறம்?" என்பார். இந்த "அப்புறம்"தான் அவர்களுடைய குடித்தனம்.

குளிர் முற்ற முற்ற அவள் பேச்சு குறைந்தது. ரயில்வே கேட்டில் நிற்கும்போது பல் கிட்டித்துப் போகிறவள் என்னத்தைப் பேசுவாள்? நாள் பூராவும் ஈரத்துணியில் கிடக்கிற கை வேறு விறைத்துக்கொண்டது.

"உங்க ஹீட்டர் என் நாத்தனார் மாதிரி. வந்தாலும் வரும், வராட்டியும் வராது," என்றாள் ஒருநாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மாடியிலிருந்து அண்ணன் இறங்கிவந்தார். பஸ் டிப்போவின் உதிரிபாகக் கிடங்கில் காலமெல்லாம் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் தன்னை இன்ஜினியர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். மறுக்க யாரும் மெனக்கெடாததால் பட்டம் நிலைத்துவிட்டது.

சோதனை என்றால் தெருவுக்கே தெரிய வேண்டும் என்பது இன்ஜினியரின் கொள்கை. சீட்டில் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தார் பாருங்கள், எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாலு தலை வெளியே எட்டிப் பார்த்த பிறகுதான் காலை எடுத்தார். இந்த மிதிக்குச் செத்த இன்ஜினே எழுந்து உட்காரும். ஹீட்டர் அனலாய் ஊதியது.

"கைய வச்சுப் பாரு மாப்ளே. சுடுதா இல்லியா?"

"சுடுது மச்சான். ஆனா நின்னா..."

"வண்டி எதுக்கு இருக்கு? ஓடவா, நிக்கவா?"

பிளம்பர் தலையாட்டினார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

பிறகு தெர்மோஸ்டாட்டை மாற்றச் சொன்னார் இன்ஜினியர். மாற்றினார்கள். காற்றாடி மோட்டாரை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் அதே மிதி, அதே அனல், அதே வெற்றி முழக்கம். மறுநாள் ரயில்வே கேட்டில் அதே ஐஸ். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கலாமா என்று பிளம்பர் ஒருமுறை மெல்ல இழுத்தார்.

"தொட்டுடாதே! அது சீல் பண்ண சிஸ்டம். உன் வீட்டுக் குழாய்னு நெனச்சியா?"

ஊரிலுள்ள மூடியெல்லாம் திறந்து பிழைக்கிற மனிதர், தன் வண்டி மூடிக்கு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஒருநாள் காலை மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "சூப்பர்வைசர் அம்மா இந்தப் பக்கமாத்தான் போறாங்களாம். கொஞ்ச நாளைக்கு அவங்க கார்ல போயிக்கிறேங்க. உங்களுக்கும் தூங்கின மாதிரி இருக்கும்."

"நான் எப்ப தூக்கம் கேட்டேன்?"

"அதுக்கில்ல... அந்தக் கார்ல சீட்டே சுடுது."

சுடுகிற சீட்டுக்கு எதிராக எந்தப் புருஷன்தான் என்ன வாதாட முடியும்? கொஞ்ச நாள் என்பது பழக்கமாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. பழகிவிட்டால் அவள் திரும்பி ஏறமாட்டாள்.

அந்த வாரம் ஒரு வீட்டில் வேலை. அறையைச் சூடாக்கச் சுவரில் மாட்டிய வெந்நீர் ரேடியேட்டர் கீழே சூடு, மேலே சில். பிளம்பர் அதன் காற்றுத் திருகில் சாவியை வைத்துத் திருகினார். அடைபட்டிருந்த காற்று உஸ்ஸென்று போனது, பின்னாலேயே தண்ணீர் வந்தது, மேலேயும் சூடு ஏறியது. ஆயிரம் தடவை செய்த வேலைதான். இந்தத் தடவை சாவியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். வண்டியும் இதைத்தானே செய்கிறது! தண்ணீர் குறைந்து காற்று புகுந்திருக்கிறது. மிதித்தால் தண்ணீர் ஹீட்டர்வரை ஏறுகிறது, விட்டால் இறங்கிவிடுகிறது.

"ஏங்க, இந்தத் தண்ணி எப்படிக் கொறஞ்சுது?" என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்டு, மூலையில் கசிந்த இணைப்பைத் தேடிப்பிடித்து முறுக்கிவிட்டுத்தான் கிளம்பினார். ஒழுங்கான பிளம்பர் கேட்கிற முதல் கேள்வி அது.

வீட்டுக்கு வந்ததும் இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து மூடியைத் திறந்தார். உள்ளே வறண்ட கிணறு. ஊற்றினார், ஊற்றினார், குடித்துக்கொண்டே இருந்தது. வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி இன்ஜினை ஓட விட்டார். குமிழி குமிழியாகக் காற்று வந்து ஓய்ந்தது. வண்டி நின்ற இடத்திலேயே, யாரும் எதையும் மிதிக்காமலேயே, ஹீட்டர் சுட்டது. பிளம்பர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முதலமைச்சர் போல உட்கார்ந்திருந்தார். தன் வண்டித் தண்ணீர் எங்கே போயிருந்தது என்ற கேள்வி மட்டும் அன்று அவருக்குத் தோன்றவில்லை. அவருக்கும் அன்று இன்ஜினியர் பட்டம் வந்துவிட்டது.

"நாளைக்கு நம்ம வண்டியிலயே போலாம். தைரியமா ஏறு," என்றார் மனைவியிடம்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "சரி, போலாம்."

மறுநாள் வண்டிக்குள் வெயில் காலம். அவள் சால்வையைத் தளர்த்திக்கொண்டாள். புதிதாக வந்த சலவை மெஷினைப் பற்றி ஆரம்பித்தாள்.

"அப்புறம்?" என்றார்.

"அதைத் திறந்து வைக்க ஒரு பெரிய மனுசன் வந்தாருங்க. பட்டனை அமுக்கச் சொன்னா, கதவைத் தொறந்துட்டு..."

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது. ஹீட்டர் இரண்டு முறை வெதுவெதுப்பாக மூச்சு விட்டது. பிறகு ஐஸ். முன்னால் களக் களக் என்று தண்ணீர் கொதிக்கிற சத்தம். பின்கண்ணாடியில் வெள்ளைப் புகை. இன்ஜின் ஒருமுறை உதறி அடங்கிப்போனது. இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்காமல் அடைத்திருக்கிற ஹெட் கேஸ்கட் எப்போதோ போயிருந்தது. இத்தனை நாளும் தண்ணீரைக் குடித்தது இன்ஜின்தான். நேற்று ஊற்றியதையும் சேர்த்து.

இந்த வண்டிக்கு இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க எந்த மெக்கானிக்கும் சம்மதிக்கமாட்டான். அது பிளம்பருக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். குறை சொல்லவில்லை. பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"எங்க போற? பஸ்கூட இல்லையே."

"பின்னாடி சூப்பர்வைசர் அம்மா நிக்கிறாங்க." கொஞ்சம் தயங்கினாள். "எதுக்கும் இன்னிக்கு மட்டும் பின்னாலேயே வாங்கன்னு சொல்லி வச்சிருந்தேங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லல்ல. நல்லதுதான் செஞ்ச," என்றார். வேறென்ன சொல்ல?

கேட் திறந்தது. பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டு ஒவ்வொன்றாக அவரைச் சுற்றிக்கொண்டு போயின. சூப்பர்வைசரின் கார் மெதுவாகக் கடந்தது. மூடிய கண்ணாடிக்குள் அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு பட்டனை அமுக்குகிற மாதிரி விரலைக் காட்டினாள். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.