கருத்துக் கேட்புக்குப் போன அண்ணனும் தங்கையும்

அந்தப் பகுதியில் அவனுக்கு ‘வயர்’ என்றுதான் பெயர். மொட்டை மாடி மொட்டை மாடியாகக் கேபிள் இழுத்துச் சில நூறு வீடுகளுக்கு இணையம் கொடுப்பவன். வாசலில் கம்பெனி என்று பலகை தொங்கினாலும் உள்ளே மூன்றே பேர். கேபிள் இழுக்க ஒருவர், போன் எடுக்க ஒருவர், இரண்டுக்கும் நடுவில் அல்லாட இவன்.

அவன் தங்கை, காது கேளாதவர்களுக்கு வீடியோவில் சைகை மொழி சொல்லித் தருகிறவள். அண்ணன் என்றால் உயிர். ஆனாலும் அந்த வாரம் முழுக்க இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் அரசாங்கம் கொண்டுவரவிருந்த ஒரு விதியால். இணையம் தருகிற கம்பெனிகள் தமக்கு வேண்டிய தளத்தை வேகமாகவும் வேண்டாததை ஆமை மாதிரியும் விடக்கூடாது. அப்படி விடவில்லை என்று மணிக்கொரு தரம் அறிக்கை அனுப்பவும் வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்று கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். விதி வேண்டும் என்று தங்கை பெயர் கொடுத்தாள். வேண்டாம் என்று அண்ணன் கொடுத்தான்.

கூட்டத்துக்கு அவன் வண்டியில்தான் இருவரும் போனார்கள்.

“அரசாங்கம் இதுல மூக்கை நுழைச்சா நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்.”

“நுழைக்கலைன்னா நான் வகுப்பைச் சாத்த வேண்டியதுதான்.”

“உனக்கு என்னைக்காவது நான் மெதுவா விட்டிருக்கேனா?”

“நீ விடலைண்ணா. என்கிட்ட படிக்கிறவங்க எல்லாம் உன் தெருவுலயா குடியிருக்காங்க?”

அவன் ஹாரன் அடித்தான். முன்னால் ஒரு வண்டியும் இல்லை.

மண்டபத்தில் தங்கையை முதலில் கூப்பிட்டார்கள். அவள் தன் வகுப்பு ஒன்றைத் திரையில் ஓட விட்டாள். பேக்கரிக்காரர் ஒருவர் கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, படம் பாதியில் உறைந்து நின்றது.

“சைகையில ‘இல்லை’ங்கறது கடைசியிலதான் வரும்” என்றாள் அவள். “இவர் சொல்ல வந்தது, ‘எனக்கு மாமியார் மேல கோபம் இல்லை.’ நின்னது ‘கோபம்’ல. மாமியாரும் அதே வகுப்புல இருந்தாங்க.”

மண்டபம் குலுங்கியது. எதிர்த்தரப்பு என்பதையே மறந்து முதலில் சிரித்தவன் வயர்தான்.

பேக்கரிக்காரர் வீட்டுக்கு இணையம் தரும் பெரிய கம்பெனியின் வக்கீல் எழுந்து, “மழைக்காலம், லைன் கோளாறாக இருக்கலாம்” என்றார். அவள் அடுத்த படத்தைப் போட்டாள். அதே வீடு, அதே நேரம், அந்தக் கம்பெனியே நடத்துகிற சினிமா தளம். வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடியது.

“உங்க சினிமா மேல மட்டும் மழை பெய்யாதுங்களா சார்?”

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வயருக்கு நெஞ்சு விம்மியது. இவளா சின்ன வயதில் கடைக்காரரிடம் மிட்டாய் கேட்கவே தன் பின்னால் ஒளிந்தவள்?

அவன் முறை வந்தது. எழுதிக் கொண்டுவந்ததைப் பார்த்தான். பாதிக்கு மேல் இப்போது வாயில் வராது. மடித்துப் பையில் வைத்தான்.

“என் தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு சரி. யாரையும் மெதுவாக்கக் கூடாதுங்க. ஆனா மணிக்கொரு அறிக்கைன்னா, எங்ககிட்ட இருக்கறதே மூணு பேர். அதை எழுத உக்காந்தா கேபிளை யார் இழுக்கறது?”

தலைமை தாங்கிய அதிகாரி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “அப்போ நீங்க விதிக்கு ஆதரவா, எதிர்ப்பா?”

“விதிக்கு ஆதரவுங்க. அறிக்கைக்கு எதிர்ப்பு. சின்னவங்களுக்கு வருஷத்துக்கு ஒண்ணு போதும். சந்தேகம்னா எப்ப வேணா வந்து சோதிச்சுக்கட்டும், கதவு திறந்தேதான் இருக்கும்.”

யாரும் கேட்காமலே தங்கை எழுந்தாள். “அண்ணன் சொன்னதை நானும் சேத்துச் சொல்றேங்க!”

பின்வரிசையில் அவளிடம் படிக்கிறவர்கள் அத்தனை பேரும் இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆட்டினார்கள். வயர் தங்கையின் பக்கம் குனிந்தான்.

“என்ன, வேண்டாங்கறாங்களா?”

“கைதட்டுறாங்கண்ணா! இப்படித்தான் தட்டுவாங்க!”

திரும்பும் வழியில் அம்மா போன் செய்தாள். நேரலையில் முழுசாகப் பார்த்திருக்கிறாள். “நல்லாத்தான்டா பேசின. அடையாள அட்டையை மட்டும் ஏன் தலைகீழா மாட்டியிருந்த?” தங்கை சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

சில மாதங்களில் உத்தரவு வந்தது. யாரும் எந்தத் தளத்தையும் மெதுவாக்கக் கூடாது. சிறிய கம்பெனிகளுக்கு வருடத்துக்கு ஒரே அறிக்கை. செய்தியைக் கேட்டு வயர் மாடியிலிருந்து போட்ட கூச்சலில், விழுந்துவிட்டானோ என்று கீழ்வீட்டார் ஓடி வந்தார்கள்.

அன்று கம்பெனிக்கு விடுமுறை விட்டான். விட்ட கையோடு பக்கத்துத் தெருவில் இணையம் போய்விட்டது என்று புகார் வந்தது. வாழ்த்துச் சொல்ல வந்த தங்கை ஏணியைப் பிடித்துக்கொள்ள, வயர் விசிலடித்தபடி மேலே ஏறினான்.