பிரேக்குக்கு வைத்த சந்தனம்

"தினமும் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டுங்க. மூணு மாசத்துல சர்க்கரை குறையலன்னா இன்சுலின் ஊசிதான்" என்று விழுப்புரம் டாக்டர் சொன்னதும், திண்டிவனம் மல்லாட்டை வியாபாரி செல்வகுமாருக்கு வியர்த்துவிட்டது. ஊசி என்றால் அவருக்கு அவ்வளவு பயம்.

மறுநாளே வேலையில் இறங்கினார். ஓட்டுகிற வேலையில் அல்ல, தேர்ந்தெடுக்கிற வேலையில்.

ஹெல்மெட்டுக்கு ஒரு வாரம். மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி கடலை அள்ளினாலே சொத்தை எத்தனை என்று சொல்லிவிடுகிறவர், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் மெத்தை வைத்த டிராயருக்குப் பத்து நாள் வீடியோ பார்த்தார்.

"வாடகை சைக்கிள் எடுத்தாவது ஓட்டுங்களேன்" என்றாள் மனைவி சங்கவி.

"தரமில்லாத சாமான் உடம்பக் கெடுத்துடும். அவசரப்படாத."

முப்பத்தேழாம் நாள் சைக்கிள் வந்து இறங்கியது. அம்மா லட்சுமியம்மாள் பூஜை போட்டார். சக்கரத்தின் நடுவே பளபளவென்று வட்டமாக ஒரு தகடு. பொட்டு வைக்க இதைவிட நல்ல இடம் ஏது? சந்தனம், குங்குமம், துருப்பிடிக்காமலிருக்க நாலு சொட்டு நல்லெண்ணெய்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பிய செல்வகுமார் தெருமுனையில் பிரேக் பிடித்தார். சைக்கிள் டீக்கடை பெஞ்சில் மோதித்தான் நின்றது. ஹெல்மெட் தரமானது, தலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மெக்கானிக் அலெக்ஸ் தகட்டைத் தொட்டு மோந்து பார்த்தார். "இன்னாண்ணே, பிரேக்குக்குத் தாளிச்சிட்டீங்களா? இந்தத் தகட்டக் கவ்வித்தான் வண்டி நிக்கணும். பிரேக் கட்டை ரெண்டும் எண்ணெயக் குடிச்சிருச்சி. எங்கிட்ட வேற கட்டை கீது, போட்டுடட்டுமா?"

"லோக்கல் கட்டையா? வேணாம்பா. ஒரிஜினலே வரட்டும்."

ஒரிஜினல் வெளிநாட்டிலிருந்து வர ஏழு வாரம் ஆகுமாம்.

பிரேக் இல்லாமல் ஏறப் பயம். வாங்கிய உடுப்பைச் சும்மா வைத்திருக்கவும் மனமில்லை. அந்த இறுக்கமான டிராயரோடு, சைக்கிள் இல்லாமல் தெருவில் நடந்தாலோ மானம் போய்விடும். ஆகவே தினமும் காலையில் முழு உடுப்பில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அலெக்ஸ் கடைக்குப் போய், "கட்டை வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, தள்ளிக்கொண்டே திரும்புவார். போக வர ஒரு மணி நேரம்.

"இன்னா முதலாளி, இன்னிக்கும் பஞ்சரா?" என்பார் டீக்கடைக்காரர் சீனுவாசன்.

"ட்ரையல் பாத்துக்கினு கீறேன்."

மூன்று மாதம் முடிந்தது. விழுப்புரம் டாக்டர் ரிசல்ட்டை இரண்டு முறை பார்த்தார். "நல்லா குறைஞ்சிருக்கு. ஊசி வேணாம். இப்ப சைக்கிள்ள என்ன பண்றீங்களோ, அதையே பண்ணுங்க. எதையும் மாத்தாதீங்க."

பக்கத்தில் சங்கவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீடு திரும்பினால், பிரேக் கட்டை பார்சல் வந்திருந்தது. செல்வகுமார் அதைப் பிரிக்காமலே பரண்மேல் போட்டார். மறுநாள் காலையில் போனை எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"கிளம்பாம இன்னா பாத்துக்கினு இருக்கீங்க?"

"நடக்கறதுக்குன்னே தனி ஷூ இருக்குதாம். எது தரம்னு ஒரு மாசம் பாத்துட்டு..."

சங்கவி போனைப் பிடுங்கிக்கொண்டு, சைக்கிளின் கைப்பிடியை அவர் கையில் கொடுத்தாள்.

"செருப்பே போதும். ஜல்தியா தள்ளுங்க."