யார் முந்திப் போனது

சஞ்சீவனி தாதி வேலையை விட்டுவிட்டுப் பிணம் குளிப்பாட்டப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது மஹய்யாவை ஊரே மூக்கின் மேல் விரலை வைத்தது. பதினெட்டு வருஷ அரசாங்க உத்தியோகம். வெள்ளை உடுப்பு, 'மிஸ், மிஸ்' என்று பின்னால் ஓடிவர ஆள். அதை உதறிவிட்டு ராஜலிங்கத்தின் மலர்ச்சாலைப் பின்னறையில் செத்தவர்களுக்கு மருந்தேற்றி, குளிப்பாட்டி, உடுத்தி அனுப்புகிற வேலைக்கு எந்தப் புத்தியுள்ளவள் போவாள்? புருஷன் சேதுராமன் பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குளித்துவிட்டு உள்ளே வரச் சொல்லிப் பின்வாசலில் அவளுக்கென்று தனி வாளி வைத்தான். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் அவள் வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள். போகட்டும். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

ஏன் போனாள் என்பது அவளுக்குத் தெரியும். மலர்ச்சாலைகளில் அந்த வேலை முழுக்க ஆண்கள் கையில் இருந்தது. உயிரோடு இருந்தவரை மாராப்பு விலகாமல் நடந்தவளைக் கடைசியில் முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் உரித்துக் கிடத்துவார்கள். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு தாய் வார்டு வாசலில் அழுத அழுகை இவளைத் தூங்கவிடவில்லை. இப்போது கண்டியில் பெண்பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ராஜலிங்கத்திடம் முதலில் கேட்பது, அந்த மிஸ் இருக்காங்களா என்றுதான். ஆயிரம் ஊசி போட்டும் கிடைக்காத நிம்மதி அந்தக் கேள்வியில் அவளுக்குக் கிடைத்தது.

வேலையை விடத் தைரியம் கொடுத்தவள் சுபாஜினி. பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. பிலிமத்தலாவையில் ஒரு வங்கியில் உதவி முகாமையாளராக இருந்தவள், அதே வருஷம் அவளும் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். ஒரு வேன் வாங்கினாள். பொம்பிளைப் பிள்ளைகளை மட்டும் பள்ளிக்கும் டியூஷனுக்கும் ஏற்றி இறக்குவேன், தாய்மார் நெஞ்சில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை என்றாள். நீ செத்தவங்களைப் பாரு, நான் உயிரோட இருக்கிறவங்களைப் பாக்குறேன் என்று கேலி பேசுவாள். அவள் மாமியார் வடிவம்மாதான் வாய் ஓயவில்லை. ஆம்பிளை பக்கத்தில் குந்தியிருக்கப் பொம்பிளை வண்டி ஓட்டுவதாம், இது எந்த ஊர் நியாயமாம்.

அந்தச் சனிக்கிழமை ஹுன்னஸ்கிரிய தோட்டத்துப் பிள்ளைகளைக் கண்டிக்கு டியூஷனுக்கு ஏற்றிவரப் போனாள் சுபாஜினி. புதுப் பாதை, விடாத மழை. அதனால் புருஷன் கஜேந்திரனும் கூடப் போனான். போகும் வழியிலேயே வேன் வளைவில் விலகிப் பள்ளத்தில் உருண்டது. பிள்ளைகள் யாரும் ஏறியிருக்கவில்லை, அது அவர்கள் செய்த புண்ணியம். புருஷனும் பெண்சாதியும் ஒரே நாளில் போனார்கள்.

சஞ்சீவனிக்குச் செய்தி சொன்னது கைரியா. விபத்துப் பிரிவில் இருப்பவள், இவளோடு பல வருஷம் ஒன்றாக வேலை செய்தவள். அழுதழுது சொன்னாள். கஜேந்திரனைக் கொண்டுவரும்போதே உயிர் இல்லை. சுபாஜினி மட்டும் விலா நொறுங்கி, மூச்சு முட்ட முட்ட, பகல்வரை கிடந்திருக்கிறாள். பேச்சு இருந்தது. வளைவில் ஒரு பஸ் தங்கள் பக்கத்துக்கு ஏறி வந்ததையும், இடதுபக்கம் வெட்டித் திருப்பியதையும், மழையில் ஊறியிருந்த ரோட்டு ஓரம் இடிந்து இறங்கியதையும் விட்டு விட்டுச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டது கைரியா ஒருத்திதான்.

"அவர மொதல்ல பாருங்கன்னே கெடந்தா புள்ள. அவரு நல்லா இருக்காருன்னு நான் பொய் சொன்னேன். அத நம்பித்தான் கண்ண மூடினா" என்றாள் கைரியா.

மறுநாள் இரண்டு உடலும் மலர்ச்சாலைக்கு வந்தன. கஜேந்திரனை ஆண்கள் முன்னறைக்குக் கொண்டுபோனார்கள். பின்னறையில் சுபாஜினியைக் குளிப்பாட்டித் துவட்டி, ஈரத்தலையைச் சீவிக்கொண்டிருந்தாள் சஞ்சீவனி. கை வேலை செய்தது, கண் தன்பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அப்போது இரண்டு தாய்மாரும் ஆளுக்கொரு சேலையோடு உள்ளே வந்தார்கள். சுபாஜினியைப் பெற்ற தவமணி கையில் அரக்கு நிறக் கூறைப்புடவை, மல்லிகைச் சரம், குங்குமச் சிமிழ். வடிவம்மா கையில் வெள்ளைச் சேலை.

விஷயம் இதுதான். புருஷன் இருக்கப் போனவள் சுமங்கலி. அவளுக்குக் கூறையும் பூவும் பொட்டும் உண்டு, நாலு பெண்கள் அவள் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். புருஷன் கண் இமைக்கும் நேரம் முந்திவிட்டாலும் அவள் தாலியறுத்தவள். நெற்றியைத் துடைத்துத்தான் அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரிக்கு இவர்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது இருவர் முகமும் மூடிக் கிடந்தது. டொக்டர் சிங்களத்தில் ரெண்டு பேருமே இல்லை என்றார். யார் முந்தி என்று கேட்க அப்போது யாருக்குப் புத்தி இருந்தது?

வடிவம்மாவைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிட முடியாது. முப்பது வயதில் தாலியறுத்தவள். அன்றைக்கு அவளுக்குப் போட்ட சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை. தனக்கு விலக்கில்லாத சட்டத்தில் இன்னொருத்திக்கு ஏன் விலக்கு என்பது அவள் கணக்கு.

"நீ ஆஸ்பத்திரியில இருந்தவ. ஒனக்குத் தெரியாம இருக்காது. யாரு முந்திப் போனது?" என்று கேட்டாள்.

சஞ்சீவனி தவமணியைப் பார்த்தாள். அந்தத் தாய் குங்குமச் சிமிழைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்கிறது ஊர். ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு நெற்றிக்குப் பொட்டு வைக்கக் கூடாதா? புருஷன் இருக்கிறான் என்று நம்பித்தானே அவள் கண்ணை மூடினாள்?

சுபாஜினிதான் முந்தி என்றாள்.

வடிவம்மா விடவில்லை. ஒரே வண்டியில் ஒன்றாக விழுந்தவர்களில் இவள் மட்டும் எப்படி முந்தினாள் என்று கேட்டாள். அந்தக் கேள்வியைச் சஞ்சீவனி எதிர்பார்க்கவில்லை. தாதிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. செத்தவருடைய சொந்தக்காரர் கண்ணைப் பார்த்துவிட்டால் ஆறுதல் தானாக வாயில் வந்துவிடும்.

"பள்ளத்துல விழுறதுக்கு முந்தியே உசிரு போயிருக்கும்மா. நெஞ்சடைப்பு மாதிரி. ஒரு நொடிதான். ஒரு வலியும் தெரிஞ்சிருக்காது."

வடிவம்மா வெள்ளைச் சேலையை மடித்து இடுக்கிக்கொண்டு வெளியே போனாள். தவமணி சஞ்சீவனியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூறை உடுத்தி, மஞ்சள் பூசி, நெற்றியில் வட்டமாகக் குங்குமம் வைத்துப் பார்த்தபோது சுபாஜினி கல்யாண நாளில் இருந்த மாதிரியே இருந்தாள். பாவி, நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் சஞ்சீவனி நினைத்தாள்.

சுபாஜினியின் வீடு மஹய்யாவை மேட்டில். வீதி நெடுக வெள்ளைக்கொடி, முற்றத்தில் தறப்பாள் பந்தலும் வாடகைக் கதிரைகளும். கூடத்தில் இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில். சுமங்கலிப் பிணம் என்று பெண்கள் வரிசையாக வந்து சுபாஜினியின் காலைத் தொட்டார்கள். வடிவம்மா மகன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் யோசித்துக்கொண்டிருந்தது எதை என்று யாருக்கும் தெரியவில்லை. திடீரென்று, ஒப்பாரி வைக்கிற குரலில் இல்லை, கடையில் கணக்குக் கேட்கிற குரலில் பேசினாள்.

"விழுறதுக்கு முந்தியே உசிரு போச்சாம். ஓட்டுனவளுக்கு உசிரு போனா வண்டி எங்க போகும்? எம் புள்ளையையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிட்டா. பேங்குக் கதிரையில குந்தியிருந்தா இவ மட்டுந்தானே போயிருப்பா. எம் மகன் இருந்திருப்பான்."

அழுதுகொண்டிருந்த பெண்கள் ஆளுக்கொன்று பேச ஆரம்பித்தார்கள். அதானே என்றாள் ஒருத்தி. நல்ல உத்தியோகத்தை விட்டவளுக்கு விதி வேறெப்படி வரும் என்றாள் இன்னொருத்தி. போன மாதம் மூச்சிரைத்துக்கொண்டு படியேறினாளே, நான் அப்போதே பார்த்தேன் என்று மூன்றாமவள் எங்கிருந்தோ சாட்சி கொண்டுவந்தாள். பஸ்ஸைப் பற்றிச் சுபாஜினி சொன்ன வார்த்தை ஒன்றுதான் அவள் மேல் தப்பில்லை என்பதற்குச் சாட்சி. விழுமுன்பே செத்தவள் எப்படிப் பேசியிருப்பாள்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. பொட்டை வைத்த கையாலேயே கூட்டாளியின் வாயையும் அடைத்துவிட்டாள் சஞ்சீவனி.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். மகள் கிஷானி, பதினாறு வயது, வீட்டில் ஒரே பிள்ளை. அப்பாவின் வாயில் அரிசியைப் போட்டாள். அடுத்த பிடியை எடுத்துக்கொண்டு அம்மாவின் பெட்டிக்குத் திரும்பியவள் அப்படியே நின்றாள். போடு புள்ள, நேரமாச்சு என்றார்கள். அவள் கையை இறுக மூடிக்கொண்டாள்.

"எனக்கு ஏலாது. அம்மா பேங்குலயே இருந்திருந்தா அப்பா இருப்பாரு."

யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் சஞ்சீவனியால் தாங்க முடியாமல் போனது. பெரியவர்கள் பிள்ளை சொல்வதும் சரிதானே என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். இந்தப் பிள்ளை இனிப் பெற்றவளை வெறுத்துக்கொண்டே வளரும், கல்யாணம் கட்டும், பிள்ளை பெறும். யாருக்காக? நெற்றியில் இருக்கிற ஒரு சிட்டிகைக் குங்குமத்துக்காக. அந்தக் குங்குமமும் இன்னும் கொஞ்ச நேரத்தில் எரிந்து போகப்போகிறது.

சஞ்சீவனி எழுந்திருக்கப் பார்த்தபோது தவமணி முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தாய்க்குப் புரிந்துவிட்டது.

"சும்மா இரும்மா. ஒம் மொகத்தப் பாத்தாலே தெரியுது. எவ என்ன சொன்னாலும் சொல்லட்டும். எம் மக பூவோட போகட்டும்" என்று காதோடு கெஞ்சினாள்.

பெற்றவளே கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல எந்த நெஞ்சுக்கு முடியும்? சஞ்சீவனி முந்தானையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். இரண்டு பெட்டிக்கும் நடுவில் போய் நின்று, தான் சொன்னது பொய் என்றாள். கஜேந்திரன்தான் முந்தி என்றாள். பஸ் வந்ததையும், சுபாஜினி வெட்டித் திருப்பியதையும், மூச்சு நிற்கும்வரை அவர மொதல்ல பாருங்க என்று கிடந்ததையும் சொன்னாள். யாரும் நம்பவில்லை. ஒரு நாளில் இரண்டு கதை சொல்கிறவளை யார் நம்புவார்கள்? கைரியாவைத் தொலைபேசியில் பிடித்து, சத்தமாக வைத்து, கூடம் முழுக்கக் கேட்கச் சொல்லவைத்தாள். கிஷானி அரிசிக் கையோடு தொலைபேசிக்குக் கிட்ட வந்து கேட்டாள்.

வடிவம்மா மகன் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்ப அவ மேல பழி இல்ல. நான் சொன்னது தப்பு, எல்லாரும் கேட்டுக்கங்க. இப்ப பொட்ட அழி."

"புருஷன் போனது தெரியாமலேயேதாம்மா போனா" என்றாள் சஞ்சீவனி.

"தெரிஞ்சாலும் தெரியாட்டியும் தாலி அறுந்தது அறுந்ததுதான். எனக்கும் நான் கேட்டா அழிச்சாங்க? வச்சவளே அழிக்கட்டும்."

தப்பை ஒத்துக்கொண்டு இறங்கிவந்த கிழவியிடம் வேறென்ன கேட்பது? முன்னே காலைத் தொட்ட பெண்கள் இப்போது சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார்கள். மல்லிகைச் சரத்தை யாரோ உருவினார்கள். வெள்ளைச் சேலையைக் கூறைமேல் போர்த்தினார்கள். சஞ்சீவனி பஞ்சில் எண்ணெய் தொட்டு நெற்றியைத் துடைத்தாள். மருந்தேற்றிய தோலில் குங்குமம் லேசில் போகாது, அது அவளுக்குத் தெரியும். பொடி போய்ச் சிவப்பு நின்றது. திரும்பத் திரும்பத் துடைத்தாள். கடைசியில் முகத்துக்குப் பூசும் மாவை எடுத்து அந்த இடத்தை மறைத்தாள். தவமணி எழுந்து வந்து அவளை அடிப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். தவமணி அழக்கூட இல்லை.

"இனி எந்தத் தாய் பெத்த புள்ளையையும் நீ தொடாத" என்றாள்.

வாசலில் நின்ற ராஜலிங்கம் சஞ்சீவனியின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். அவருக்கும் தொழில் இருக்கிறது. பெண்களின் உடலை நம்பி ஒப்படைக்கிற இடத்தில் பொய் சொன்னவள் என்ற பெயர் நாளைக்கே கட்டுகஸ்தோட்டை வரை போய்விடும். திரும்பிப் போகத் தாதி வேலையும் இல்லை. பஞ்சைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு ஒதுங்கப்போனவளைக் கிஷானி இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தாள்.

மூடிய கையை விரித்தாள். அரிசி வியர்வையில் உள்ளங்கையோடு ஒட்டிப்போயிருந்தது. அதை விரலால் சுரண்டிச் சுரண்டி அம்மாவின் வாயில் போட்டாள். அந்த வெறும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா அப்பாவக் கேட்டாங்கதானே, அன்டி?" என்றாள்.

கடைசிவரைக்கும் கேட்டாள் என்றாள் சஞ்சீவனி.