அக்காவுக்குப் பூட்டிய வைஃபை

உரும்பிராயில் ஜெயனி ரீச்சரைச் சத்தம் போட்டுக் கதைக்காத மனுசி என்றுதான் எல்லாருக்கும் தெரியும். நாற்பத்தொரு வயது. கல்யாணப் பேச்சுகள் வந்தன, போயின. தாய் போன பிறகு பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, தகப்பன் ஜெபநேசனோடு பழைய கல்வீட்டில் இருந்துகொண்டு மெல்பேணில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு லப்டொப்பில் கணிதம் படிப்பித்து வந்தாள். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வீடு வரும்போது இங்கே மதியம்கூட ஆகியிருக்காது. அவளுடைய உழைப்பெல்லாம் அந்த நேரத்தில்தான்.

ஒரு கிழமையாக அந்த நேரத்தில்தான் அவளுடைய லப்டொப்புக்கு இணையம் வராமல் போனது.

பின்னேரம் வரும், இரவு முழுக்க இருக்கும், காலையில் தேத்தண்ணி குடித்து முடிய முன்னம் போய்விடும். தகப்பனுடைய போனில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும், ரிவியில் படம் ஓடும், அவளுடைய லப்டொப் மட்டும் செத்துக் கிடக்கும். மெல்பேண் தாய்மார் முதலில் விசாரித்தார்கள், பிறகு குறைப்பட்டார்கள். ஒருத்தி வேறு ரீச்சர் பார்க்கப்போவதாகவே எழுதிவிட்டாள். ஜெயனி இணையக் கொம்பனிக்குத் திரும்பத் திரும்பப் போன் எடுத்துக் கதைத்த பிறகுதான் அவர்கள் ஓராளை அனுப்பினார்கள். வந்தவர் முன்னறைக் கோலில் இருந்த கொம்பனிப் பெட்டியிலிருந்து ஒரு வயரை நேராக லப்டொப்பில் குத்தினார். உடனே எல்லாம் ஓடியது.

"லைனிலை பிழை இல்லை அக்கா. உந்த வெள்ளைப் பெட்டியள்தான் உங்கடை லப்டொப்பை மறிச்சு வைச்சிருக்குது. உதின்ரை அப் ஆரிட்டை இருக்குது?" என்று கேட்டார்.

பெட்டிகளைப் போனில் இருந்தே ஆட்டிவைக்கிற அந்த அப் ரொறன்ரோவில் இருந்தது, தம்பி ஜஸ்ரினிடம். அந்த மூன்று வெள்ளைப் பெட்டிகளையும் போன நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியவன் அவன்தான். கல்வீட்டுச் சுவரைத் தாண்டிக் கொம்பனிப் பெட்டியின் வைஃபை பின்னறைக்கு வராது, அக்கா கஷ்டப்படுகிறாள் என்றான். வீடியோவில் வந்து, தகப்பனைப் போனைப் பிடிக்கச் சொல்லி, அங்கிருந்தபடியே பூட்டிக் கொடுத்தான். ஜெயனி அன்றைக்கு அவனுக்காக வாய்விட்டு ஜெபமும் பண்ணினாள்.

இப்போது அவனுக்கு எடுத்தாள். அவன் ஒளிக்கவும் இல்லை.

"நான்தான் போட்டனான் அக்கா. இரவு பத்துக்குப் பிறகு உங்கடை லப்டொப் வேலை செய்யக்கூடாது எண்டு. பெட்டி கனடா நேரத்திலை நிண்டிட்டுது போலை. மாத்திவிடுறன்."

"எனக்கு நித்திரை நேரம் வைக்க நீ ஆர்?"

"அதிலை பிள்ளையளுக்கு எண்டு ஒரு பகுதி கிடக்குது. என்ரை மகன்ரை ஐபாட்டுக்குப் போட்ட மாதிரித்தான் போட்டனான். நீங்கள் இரவிரவா முழிச்சிருக்கிறதை நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

சண்டைக்காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு ஓடிய அந்த மழை நாளில் இவனுடைய கையைப் பிடித்துச் சனத்துக்குள்ளால் இழுத்துக்கொண்டு போனவள் அவள். அந்தக் கை இப்போது தன்னைப் பிள்ளைகள் பகுதிக்குள் தூக்கிப் போட்டிருக்கிறது. ஆனால் அவன் இன்னும் முடிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் செந்தூரன் என்று ஒரு போன் தங்கள் வீட்டில் இரண்டு மணித்தியாலம் நின்றதாம். அப் அதைக் காட்டியதாம். அப்படி ஓராளைத் தான் அறியாதவனாம். பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க ஏலுமோ என்று கேட்டான்.

"அப்பாவிட்டைச் சொன்னனான். அவர் ஆளோடை கதைச்சு நிப்பாட்டிப்போட்டார். இனிப் பிரச்சினையில்லை," என்றான்.

செந்தூரன் புத்தூரில் தோட்டம் செய்கிறவர். மனைவி இறந்து நாலைந்து வருடம். மகள் கீர்த்திகா உயர்தர வகுப்பில் கணிதம் படிக்கிறாள். ஞாயிறு பின்னேரங்களில் மோட்டார் சைக்கிளில் மகளைக் கூட்டிவந்து, அவள் படித்து முடியும்வரை விறாந்தையில் இருந்து போனில் மரக்கறி விலையும் செய்தியும் பார்த்துக்கொண்டிருப்பார். பாஸ்வேட்டைக் கொடுத்ததே ஜெபநேசன்தான். செந்தூரன் விறாந்தையில் இருக்கிற அந்த ஞாயிறுகள் ஜெயனிக்குப் பிடித்திருந்தன. அது அவள் மனசுக்குள் மட்டும் கிடந்த ஒன்று, ஒருவரிடமும் சொன்னதில்லை, தனக்கே சரியாகச் சொல்லிப் பார்த்ததில்லை. அதற்கும் ஒரு பெட்டி காவல் இருந்திருக்கிறது.

கீர்த்திகா வராமல் விட்டுக் கொஞ்சக் காலம். ஜெயனி கேட்டதற்கு, வேறு வகுப்புக்குப் போகிறாள், குறை நினைக்க வேண்டாம் என்று செந்தூரன் வட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். அவளும் நம்பிக் குறை நினைத்திருந்தாள்.

தகப்பன் மேசையில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மிசன் பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்தவர். பிழை செய்த பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்க வைத்தே விசாரிக்கிறவர். இப்போது அவரே நிமிரவில்லை.

"நான் மரியாதையாத்தான் சொன்னனான் பிள்ளை," என்றார். "தம்பி விரும்பேல்லை. அவையும் வேறை ஆக்கள், சைவக்காரர். சனம் கதைக்கும்."

"எந்தச் சனம் கதைச்சது? ஒரு பேர் சொல்லுங்கோ அப்பா."

அவர் பாணைப் பிய்த்துத் தேத்தண்ணிக்குள் தோய்த்தார்.

"கதைச்சது ஒரேயொரு ஆள். அவன் கனடாவிலை இருக்கிறான். அவன்ரை சொல்லுக்கு, சோதனை கிட்டிற நேரத்திலை ஒரு பிள்ளையின்ரை படிப்பைக் குழப்பிப்போட்டு இதிலை இருந்து பாண் தின்னுறியள்."

தன்னுடைய குரல் இவ்வளவு உயரும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது. கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு அவர் எழும்பிப் போனார்.

மெல்பேண் வகுப்பைக் கோலில் வயரோடு ஒருவாறு நடத்தி முடித்தவள், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் ஜஸ்ரினுக்குச் சொல்லாமல் விட்ட பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஸ்ரான்லி வீதியில் ஒரு கடையில் ஏறி ரவுட்டர் வேண்டும் என்றாள். கடைக்காரர் அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"சேர் ஆரும் வரேல்லையோ? வந்தால் விளங்கப்படுத்துவன்."

"எனக்கு விளங்கப்படுத்துங்கோ," என்றாள்.

அவர் எட்டு அன்ரெனா முளைத்த ஒன்றை எடுத்து வைத்தார். கவிழ்த்துப் போட்ட நண்டுபோல இருந்தது. வீடு முழுக்க அடிக்கும் என்றார். தன்னுடைய வீட்டுச் சுவர் ஒரு முழத்துக்குக் கிட்டத் தடிப்பு, சுண்ணாம்புக் கல்லு, அதற்குள்ளால் எட்டென்ன எண்பது அன்ரெனாவும் போகாது என்றாள் அவள். கோலில் இருந்து பின்னறைக்கு வயர் இழுத்து, ரவுட்டரை அந்த அறையிலேயே வைக்கப்போகிறாள். அதற்குச் சின்னது போதும். அவள் கேட்டது வேறொன்று. வெளியில் இருந்து ஒருத்தர் இதைத் திறந்து பார்க்க ஏலுமோ?

அவர் முகம் மலர்ந்தது. "ஓம் அக்கா, அதுக்குத்தானே இந்த மொடல். வெளிநாட்டிலை இருந்து அண்ணை தம்பி எல்லாம் பாக்கலாம், ஆர் வந்தது, ஆர் போனது எண்டு. எல்லாரும் உதைத்தான் கேட்டு வாங்கிறவை. பாதுகாப்பு."

"ஒருத்தரும் பாக்க ஏலாதது வேணும்."

"ஏன் அக்கா, வீட்டுக்கு நல்லந்தானே..."

"என்ரை வீட்டிலை ஆர் வருகினம், நான் எத்தினை மணிக்குப் படுக்கிறன் எண்டு பாக்கிறதுக்கு ஒருத்தருக்கும் பெட்டி வித்துக் குடுக்காதேங்கோ." கடையில் நின்ற இன்னும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள்.

பிறகு ஒவ்வொரு பெட்டியையும் தானே எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தாள். கணக்குத் திறக்காமல், அப் இறக்காமல் வேலை செய்யாது என்று இருந்ததையெல்லாம் ஒதுக்கினாள். கடைசியில் ஒரு சின்னக் கறுத்தப் பெட்டி மிஞ்சியது. வயரைக் குத்தி லப்டொப்பிலேயே அதன் பக்கத்தைத் திறந்து எல்லாம் செய்யலாம், வெளியில் இருந்து உள்நுழைவதை அடியோடு நிறுத்தி வைக்கலாம். இரண்டு அன்ரெனாதான். அதையும் நீட்டு வயர் ஒன்றையும் வாங்கினாள். கடைக்காரர் பையில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கதவு நிலைகளுக்கு மேலால் வயரை இழுத்துத் தானே கிளிப் அடித்தாள். சுத்தியல் ஒவ்வொரு முறையும் தேவைக்கு அதிகமாகத்தான் விழுந்தது. வெள்ளைப் பெட்டிகள் மூன்றையும் கழற்றி அலுமாரிக்கு அடியில் தள்ளினாள். கொம்பனிப் பெட்டிக்கும் கறுத்தப் பெட்டிக்கும் புதுப் பாஸ்வேட் போட்டாள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் தகப்பன் போனோடு அறை வாசலுக்கு வந்தார். வீட்டில் ஒன்றும் தெரியவில்லை என்று தம்பி பதறுகிறானாம். தனக்கும் பேரப்பிள்ளையைப் பார்க்க வேணும், பாஸ்வேட்டைத் தா என்றார்.

"முதல் செந்தூரனுக்கு எடுங்கோ. நீங்கள் சொன்னது பிழை எண்டு சொல்லிக் கீர்த்திகாவை அனுப்பச் சொல்லிக் கேளுங்கோ. பிறகு தாறன்."

"நான் மன்னிப்புக் கேக்கவேணும் எண்டுறியோ?"

"ஓம்."

கேட்க மாட்டேன் என்று போய்விட்டார். இரண்டு பேரும் முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள். அவர் செய்தி கேட்கப் பக்கத்து வீட்டு ரேடியோ வரை போய் வந்தார். அப்பாவைப் பழிவாங்க வேண்டாம், அந்த லைனுக்குக் காசு கட்டுகிறவன் நான் என்று ஜஸ்ரின் ஜெயனிக்கு எழுதினான். அவள் மறுமொழி எழுதாமல் கொம்பனி அலுவலகத்துக்குப் போய் லைனைத் தன்னுடைய பேருக்கு மாற்றிக்கொண்டு வந்தாள். வந்து அதைத் தகப்பனிடமும் சொன்னாள். பழிவாங்குகிறேனோ என்று ஒரு நிமிடம் யோசித்தாள். கொஞ்சம் அதுவும்தான் என்று பட்டது. ஆனாலும் விடவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் அவர் விறாந்தையில் எழும்பி நின்றபடி போனைக் காதில் வைத்ததை ஜன்னலுக்குள்ளால் பார்த்தாள். பள்ளிக்கூடக் காலை ஆராதனையில் நிற்கிற மாதிரி விறைத்துக்கொண்டு நின்றார். "பிள்ளையின்ரை படிப்பை நான் குழப்பிப்போட்டன் தம்பி. அது பிழை," என்றார். மறுபக்கம் என்ன சொன்னதென்று கேட்கவில்லை. "ஓம், ஓம்," என்று இரண்டு தரம் சொல்லி வைத்துவிட்டார். ஜெயனி வெளியே வந்து, அவருடைய போனை வாங்கிப் பாஸ்வேட்டைத் தானே அடித்துத் திருப்பிக் கொடுத்தாள். நன்றி என்று அவரும் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் மூன்று மணி வெயிலில் வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிள் நின்றது. கீர்த்திகா புத்தகங்களோடு இறங்கினாள். செந்தூரன் இறங்கவில்லை, இயந்திரத்தையும் நிறுத்தவில்லை. ஜெயனி படலை வரைக்கும் போனாள்.

"உள்ளுக்கு வாங்கோ."

"இல்லை ரீச்சர், தோட்டத்துக்குத் தண்ணி விடவேணும். முடிய எனக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லுங்கோ, வந்து ஏத்திறன்."

இந்த வெயிலுக்குள் ஒருவரும் தண்ணீர் விடுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் மறுத்துக் கதைத்திருக்கலாம். மரியாதை மட்டும்தான் இருந்தது.

"அப்பா கதைச்சவரெல்லோ," என்றாள்.

"ஐயாவிலை எனக்கு ஒரு குறையும் இல்லை," என்றார் அவர். ஹெல்மெற்றைச் சரிசெய்துகொண்டு புத்தூர்ப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

அவள் படலையைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். ஆறிவிட்டது என்று நினைத்த கோபம் திரும்பவும் வந்தது. பெட்டியை மாற்றலாம், பாஸ்வேட்டை மாற்றலாம். அந்த மனுசனை வெளியே நில் என்று சொன்ன சொல்லை எதைக் கழற்றி எடுப்பது? விறாந்தையில் தகப்பன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் நின்றார்.

"அவர் வரமாட்டார்," என்றாள் ஜெயனி.

தகப்பன் கதிரையின் முதுகைப் பிடித்தபடியே நின்றார். அவள் அவரைக் கடந்து உள்ளே போனாள். கீர்த்திகா மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். போன வருடத்து வினாத்தாளை எடுக்கச் சொல்லி, விட்டுப்போன பாடம் எது என்று அவளிடம் கேட்டாள்.